மைனா டீச்சரின் தெப்பப் பாடம்

ஓடை ஒன்று வளைந்து வளைந்து ஓடும் ஒரு காட்டில், செங்கமலம் என்ற மைனா பள்ளிக்கூடம் நடத்திவந்தது. ஓடையின் நடுவே இருந்த மேட்டில், மூங்கில் புதருக்கு அடியில்தான் வகுப்பு. அணில், முயல், கரடிக்குட்டி, ஓணான் ஆகியவை காலையில் கல்லுக்குக் கல் தாவி வந்து சேரும்.

மைனாவுக்குப் பேச்சென்றால் உயிர். எந்தப் பாடமானாலும் அடைமழைதான். பேசி முடித்ததும், "புரிந்ததா, பிள்ளைகளே?" என்று கேட்கும். ஓணான் உடனே தலையை மேலும் கீழும் ஆட்டும். அதைப் பார்த்ததும் மைனாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அன்றைக்குத் தெப்பம் கட்டும் பாடம். காய்ந்த மூங்கிலின் குணத்தைச் சொன்னது, கொடியின் வகைகளைச் சொன்னது, முடிச்சின் பெருமையைச் சொன்னது. முயல் கொட்டாவி விட்டது. அணில் தன் வால்முடியை எண்ணிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நாங்களே ஒரு முடிச்சுப் போட்டுப் பார்க்கலாமா?" என்று கரடிக்குட்டி கேட்டது.

"அதற்கெல்லாம் நேரமில்லை, கண்ணா. பாடம் இன்னும் பாதி இருக்கிறது!" என்றது மைனா.

அப்போது மலைப்பக்கம் இடி இடித்தது. மேலே கொட்டிய மழை, செந்நிற வெள்ளமாக ஓடையில் இறங்கியது. தாவி வந்த கற்களெல்லாம் கண்ணெதிரே மூழ்கின. மேட்டின் ஓரமும் கரையத் தொடங்கியது. அக்கரைக்கு ஓடிவந்த பெற்றோர்கள் அலறினார்கள்.

மைனா பறந்து தப்பிவிடலாம். பிள்ளைகள் என்ன செய்யும்?

"பயப்படாதீர்கள்! இப்போதுதானே தெப்பம் கட்டச் சொல்லிக்கொடுத்தேன்? சீக்கிரம் கட்டுங்கள்!" என்றது.

"தெப்பம் என்பது மூங்கிலால் ஆனது, நீரில் மிதப்பது!" என்று முயல் கடகடவென ஒப்பித்தது. கட்டுவதற்கு மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

கரடிக்குட்டி எப்படியோ சில மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி நீரில் தள்ளியது. முடிச்சு அவிழ்ந்து, மூங்கில்கள் திசைக்கொன்றாகப் போய்விட்டன.

"உனக்குத்தான் எல்லாம் புரிந்ததே, நீ கட்டு!" என்றது மைனா, ஓணானிடம்.

ஓணான் தலையை ஆட்டியது. பிறகு மெல்லச் சொன்னது: "டீச்சர், என் தலை தானாகவே ஆடும். புரிந்தாலும் ஆடும், புரியாவிட்டாலும் ஆடும்."

மைனாவுக்குச் சுருக்கென்றது. 'அடடா! இத்தனை நாளும் இந்த வகுப்பில் நான் மட்டும்தான் பாடம் படித்திருக்கிறேன்!' என்று நினைத்தது.

சட்டென்று ஒரு கொடியைக் கவ்வியது. "ஒரே ஒரு முடிச்சு. நன்றாகப் பாருங்கள்." சுற்றி, நுழைத்து, இழுத்துக் காட்டியது. "அவ்வளவுதான். இனி உங்கள் வேலை!"

பிள்ளைகள் மளமளவென்று வேலையில் இறங்கின. மைனா ஒவ்வொன்றின் பக்கமாகத் தத்திச் சென்றது. கரடிக்குட்டி முரட்டுத்தனமாக இழுத்துக் கொடியை அறுத்தது. "பிடி சரிதான், இழுப்பை மட்டும் குறை" என்றது மைனா. ஓணானின் முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. "எங்கே நழுவுகிறது? நீயே பார்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "யார் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டது.

"கொடியை நனைத்தால் நன்றாக வளைகிறது, டீச்சர்!" என்றது முயல்.

"நுனியை இன்னொரு தரம் உள்ளே விட்டால் அவிழவே மாட்டேன் என்கிறது!" என்று துள்ளியது ஓணான்.

மற்றவையும் அப்படியே செய்தன. தெப்பம் உருவானது. பிள்ளைகள் அதில் ஏறிக்கொண்டன. அதில் கட்டிய நீளக் கொடியின் நுனியைக் கவ்விக்கொண்டு மைனா அக்கரைக்குப் பறந்தது. அப்பா கரடி கொடியைப் பிடித்து இழுக்க, தெப்பம் ஆடி ஆடிக் கரை சேர்ந்தது. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை!

வெள்ளம் வடிந்த பிறகு கணக்கு வகுப்பு. மைனா ஒரு கூட்டலைச் செய்துகாட்டிவிட்டு, நாவல் பழங்களை நடுவில் கொட்டியது. பிள்ளைகள் எண்ணின, சண்டை பிடித்தன, மறுபடி எண்ணின. பாட்டு வகுப்பும் அப்படியே, மூலிகை வகுப்பும் அப்படியே.

கரையோரம் வந்த மான் எட்டிப் பார்த்தது. "என்ன டீச்சர், பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லையா?"

"மும்முரமாக நடக்கிறது, அக்கா! என் பங்குதான் எப்போதோ முடிந்துவிட்டது" என்று சிரித்தது மைனா.

நீதி: காதால் கேட்ட பாடம் காற்றோடு போகும், கையால் செய்த பாடமே காலத்துக்கும் உதவும்.