பொன்னுரங்கத்தின் வலது கால்

பொன்னுரங்கத்துக்கு வலது கால் யானைக்கால். மடத்துக்கு வந்த நாள் முதல் அதை வேட்டியால் மூடியே வைத்திருந்தார். மூடினால் தெரியாமலா போகும்? அந்த மடத்தில் ஞானத்துக்குப் பஞ்சம் இருந்தது, வம்புக்கு இருந்ததில்லை.

குருபூஜைக்கு முதல் நாள், பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மற்ற சீடர்கள் சொல்லிவிட்டார்கள். பொன்னுரங்கம் மூட்டையைக் கட்டினார். போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது. ஆனாலும் குருவிடம் விடைபெறப் போனார்.

குரு ஏகாம்பர அடிகள் அவரைவிட வயதில் இளையவர். துறவுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்தவர்.

"போயிட்டு வரேன் சாமி. ஒரு கேள்வி மட்டும் இருக்கு."

"கேளுங்க."

"உடம்புக்குள்ளேயே காவல் இருக்கு, கிருமி வந்தா அது பார்த்துக்கும்னு அன்னைக்குப் பாடத்துல சொன்னீங்க. என் கால்ல மட்டும் ஏன் இல்லை? அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து தூக்கிப்போடுது. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அடிகள் எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் துண்டும் எடுத்துவந்தார். தரையில் உட்கார்ந்தார்.

"காலைக் காட்டுங்க."

"ஐயோ, நீங்க என் காலைத் தொடுறதா?"

"கடைசியா எப்பக் கழுவுனீங்க?"

"தண்ணி பட்டா காய்ச்சல் வந்துடுமோன்னு பயம் சாமி."

"காட்டுங்க."

வீங்கித் தொங்கிய தோல் மடிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கி அடிகள் கழுவினார். விரலிடுக்கில் ஒரு வெடிப்பு கசிந்துகொண்டிருந்தது.

"கிருமி இது வழியாத்தான் உள்ளே போகுது. பாவம் வழியா இல்லை."

"அப்போ காவல்?"

"இருக்கு. எல்லாருக்கும் இருக்கிற அதே காவல்தான். ரத்தம் மாதிரியே நிணநீர்னு ஒரு நீரும் உடம்பு முழுக்க ஓடுது, அந்த வாய்க்கால்லதான் காவலுக்குப் போக்குவரத்து. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கு. நிணநீருக்கு அப்படி ஒண்ணு இல்லை, நாம நடந்தா, மூச்சு விட்டா நகரும். கொசுக்கடியில வந்த புழு உங்க வாய்க்காலைக் கெடுத்துடுச்சு. நீர் தேங்கிப்போச்சு. காவல் வந்து சேர முடியலை."

வாசலில் சீடர்கள் கூடிவிட்டார்கள். தங்கள் குரு இன்னொருவர் காலடியில் உட்கார்ந்து அவர்கள் பார்த்ததில்லை.

"தொட்டா ஒட்டிக்காதா சாமி?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒட்டாது."

அடிகள் விரலிடுக்குகளைத் துண்டால் ஒற்றி ஈரம் போகத் துடைத்தார். பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தினாலா, நிம்மதியினாலா என்று அவருக்கே தெரியவில்லை.

"காவல் வர முடியாத காலை இனிமே யாரு காப்பாத்துவா சாமி?"

அடிகள் அவரைப் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றவர்கள் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு யாரு கழுவுறீங்க?"