கட்டலாம், கட்ட வேண்டாம், இரண்டும் சரி

நெட்டாங்குளத்து அண்ணன் தம்பிகள் நால்வரும் ஏதோ முடிவெடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் கோழிகளைப் பிடித்துக் கூடை போட்டு மூடிவிடுவார்கள். டவுனில் ஒரு ஓட்டல் கதவில் 'இழுக்கவும்' என்று எழுதியிருந்தது. எதுவரை என்று எழுதவில்லை. நால்வரும் கதவை ஊர் வரை இழுத்து வந்தார்கள்.

மூத்தவர் அய்யாவு. அடுத்தவர் தவசி. மூன்றாமவர் கொண்டல்சாமி. கடைசித் தம்பி சன்னாசி. இந்தச் சன்னாசிக்குப் பிறந்த இளவரசி மட்டும் எப்படியோ புத்திசாலியாகப் போய்விட்டாள். அந்த வருஷம் யார் உதவியும் இல்லாமல் நீட் எழுதி, கொஞ்சம் மார்க்கில் தவறவிட்டிருந்தாள். டவுன் கோச்சிங் சென்டரில் ஒரு வருஷம் படித்தால் டாக்டர் சீட் நிச்சயம் என்றாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரைதான் சேர்க்கை. சேராவிட்டால் திங்கட்கிழமை நூல் மில்லில் வேலை. அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்தாயிற்று. வீட்டில் பணம் இருந்தது, ஆனால் அது கிணற்றுக்கு மோட்டார் வாங்க வைத்திருந்த பணம்.

திங்களன்று நால்வரும் சென்டருக்கு விசாரிக்கப் போனார்கள். வரவேற்பில் இருந்த பெண், "அவசரமே இல்ல சார். வெளிய நாலு பேர்கிட்ட கேட்டுட்டு வாங்க" என்றாள்.

வெளியே வந்து நாலு பேரிடம் கேட்டார்கள். முதல் ஆள் பஸ் கண்டக்டர். "டிக்கெட் எங்கே?" என்றார். அதைக் குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆள் வாழைப்பழ வியாபாரி. "சீப்பு நாப்பது" என்றார். மூன்றாவது ஆளுக்குக் காது கேட்காது. நான்காவது ஆளாக யாரும் அகப்படாததால் திரும்பி வந்து அந்தப் பெண்ணிடமே கேட்டார்கள்.

அவள் மாதிரி விடைத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பரீட்சையை விளக்கினாள். "ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வட்டம். சரியான வட்டத்தைக் கறுப்புப் பேனாவால நிரப்பணும். சரியா இருந்தா நாலு மார்க். தப்பா இருந்தா ஒரு மார்க் குறைப்பாங்க. ஒண்ணும் எழுதாம விட்டா எதுவும் குறையாது. அதனால தெரியலேன்னா பேசாம விட்டுடணும்."

அய்யாவு தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அம்பத்தெட்டு வயசாச்சு. இதை இதுவரைக்கும் ஒருத்தனும் எனக்குச் சொல்லலையே" என்றார்.

அதன்பின் இரண்டு நாள் அந்த வீட்டில் ஒருவரும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. "பால் எத்தனை லிட்டர்?" என்று பால்காரர் கேட்டார். தவசி வானத்தைப் பார்த்தார். "சோறு போடவா?" என்று சன்னாசியின் மனைவி பஞ்சவர்ணம் கேட்டாள். சன்னாசிக்குப் பசிதான். ஆனாலும் உறுதியாகத் தெரியாத விஷயத்தில் மார்க்கை இழக்க விரும்பாமல் பட்டினியாகப் படுத்தார்.

"பேசாம இருக்கிறதுக்குப் பரிசு குடுக்கிற பரீட்சையா இது? அப்ப நம்ம பவுனு எப்பவோ டாக்டராகியிருக்கணுமே!" என்றாள் பஞ்சவர்ணம். பவுனு என்பது அவர்கள் வீட்டு எருமை. அவள் சொன்னதை யாரும் அப்போது கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை இளவரசி பொறுமை இழந்தாள். "பெரியப்பா, நாளைக்குக் கடைசி நாள். கட்டலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வாயால சொன்னா தப்பாப் போயிடும்மா. முறைப்படி தாள்ல கேளு" என்றார் அய்யாவு.

அவள் நாலு தாள் எழுதிக் கொடுத்தாள். கேள்வி ஒன்றுதான்: கோச்சிங்குக்குப் பணம் கட்டலாமா? (அ) கட்டலாம். (ஆ) கட்ட வேண்டாம். இத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நாலு வட்டம் இல்லாவிட்டால் செல்லாது என்று தவசி பிடிவாதம் பிடித்ததால், (இ) இரண்டும் சரி, (ஈ) இரண்டும் தவறு என்றும் சேர்த்தாள்.

அரை மணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கினாள். மூன்று தாள் வெறுமையாக இருந்தன. கொண்டல்சாமி மட்டும் (இ) வட்டத்தைப் பேப்பர் கிழிகிற அளவுக்கு நிரப்பியிருந்தார்.

"எப்படிடா துணிஞ்ச?" என்றார் அய்யாவு.

"அதுல ரெண்டும் இருக்குண்ணே. எந்தப் பக்கம் போனாலும் தப்பாகாது."

மற்ற மூவரும் அவரை எழுந்து நின்று பார்த்தார்கள். கொண்டல்சாமிக்கு நாலு மார்க். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆக, இரண்டும் சரி. பணத்தைக் கட்டவும் வேண்டும், கட்டாமலும் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் இதை எப்படிச் செய்வது என்ற ஆலோசனை நடந்தது. கட்டிவிட்டு உடனே திருப்பி வாங்கலாம் என்றார் சன்னாசி. அப்படிச் செய்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதானே சரியாகும் என்று தவசி மறுத்தார். மணி மூன்றைத் தாண்டியது. இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மூத்த பெரியப்பா ஒருத்தர் கட்டட்டும். மத்த மூணு பேரும் கட்டாம இருங்க. ரெண்டும் சரியாப் போச்சுல்ல?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஆனா கட்டாம இருக்கிறதையும் அங்க போய்த்தான் இருக்கணும். வீட்ல இருந்துக்கிட்டு கட்டலேன்னா யாருக்குத் தெரியும்?" என்றார் தவசி.

நாலே காலுக்குச் சென்டரில் நால்வரும் வரிசையில் நின்றார்கள். கட்டாதவர்கள் முன்னால், கட்டுபவர் பின்னால். முதலில் சன்னாசி கவுண்டரை அடைந்தார்.

"என்ன சார்?"

"நான் கட்டலைங்க."

"சரி, அப்ப எதுக்கு கியூல நின்னீங்க?"

"கட்டாம இருக்கத்தான்."

அடுத்து கொண்டல்சாமியும் கட்டவில்லை. தவசி, கட்டாததற்கு ரசீது வேண்டும் என்றார். அதில் பத்து நிமிஷம் போனது. ஐந்து மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் இளவரசி அய்யாவுவை முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மோட்டார் கோச்சிங்காக மாறியது.

"போட்டோ ஒட்டுங்க, சீக்கிரம்" என்றார் கவுண்டர்காரர். கையில் இருந்தது ஒரே போட்டோ. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று வீட்டு வாசலில் எடுத்தது. நடுவில் இளவரசி, சுற்றிலும் நால்வர், ஓரத்தில் தலையை நீட்டிக்கொண்டு பவுனு. எடுத்தது பஞ்சவர்ணம், அதனால் அவள் தப்பித்தாள்.

"என்னை மட்டும் வெட்டி ஒட்டுங்க பெரியப்பா."

"தோள்ல உங்கப்பன் கை இருக்கு பாரு. டாக்டருக்குப் படிக்கப் போறப்ப கையை வெட்டிட்டா போறது?"

முழுப் போட்டோவும் ஒட்டப்பட்டது. கடையை மூடுகிற அவசரத்தில் கவுண்டர்காரர் அப்படியே அடையாள அட்டை அடித்துக் கொடுத்துவிட்டார். அட்டையின் பின்பக்கத்தை அய்யாவு வீட்டில் விரல் வைத்துப் படித்தார்: 'அட்டையில் உள்ளவர் தவறாமல் வகுப்புக்கு வர வேண்டும். வராவிட்டால் சேர்க்கை ரத்து.'

"பிள்ளையோட ஒரு வருஷம்டா. ஒருத்தரும் லீவு போடக் கூடாது" என்றார்.

இளவரசி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மன்றாடிப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவளும், நால்வரும், பவுனும் சென்டர் வாசலில் நின்றார்கள். வாட்ச்மேன் கடமையில் கண்டிப்பானவர். அட்டையைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார், எருமையின் நெற்றி வெள்ளையைச் சரிபார்த்தார். "ஆறு. சரியா இருக்கு. உள்ள போங்க."

அன்று முதல் நாள் தேர்வு. நாற்பத்தைந்து கேள்வி. தாள் கொடுத்தவர் தலை நிமிராமல் வாசலில் சொன்ன கணக்குப்படி ஆறு தாள் வைத்துவிட்டுப் போனார். வெறுமையாக விட்டுத் தோற்ற அனுபவம் இருந்ததால், பெரியவர்கள் இந்த முறை ஏமாறவில்லை. கொண்டல்சாமி வழியைப் பின்பற்றி, எந்தப் பக்கம் போனாலும் தப்பாகாதபடி எல்லாக் கேள்விக்கும் நாலு வட்டத்தையும் நிரப்பினார்கள். சன்னாசிக்கு இரண்டு பேனா செலவானது. பவுனு தாளில் அய்யாவு பெயரை மட்டும் எழுதி வைத்தார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் முடிவு வந்தது. இளவரசி நூற்று ஐம்பத்தொன்று, வகுப்பில் முதலிடம். சென்டர் இயக்குநர் ஓடோடி வந்து, தன் செலவில், அவள் முகம் மட்டும் உள்ள புது அட்டையைக் கையில் கொடுத்தார். "இந்தப் பொண்ணு மட்டும் வந்தா போதும். தயவுசெய்து" என்று கும்பிட்டார். அவள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் ஓடினாள்.

நால்வரும் பலகையின் அடிப்பக்கம் வரை படித்தார்கள். பவுனு, பூஜ்யம். அதற்குக் கீழே அய்யாவு, தவசி, கொண்டல்சாமி, சன்னாசி, ஆளுக்கு மைனஸ் நாற்பத்தைந்து.

"நம்மளைவிட நாப்பத்தஞ்சு மார்க் கூட" என்றார் தவசி.

"ஒரே நாள் கோச்சிங்ல!" என்றார் கொண்டல்சாமி.

"பஞ்சவர்ணம் அன்னைக்கே சொன்னா" என்றார் சன்னாசி.

அய்யாவு கறுப்புப் பேனாவை எடுத்தார். பவுனுக்குக் கோச்சிங் கட்டலாமா என்று தாளில் எழுதி, நாலு வட்டம் போட்டு, இந்த முறை தங்களைவிட மார்க் எடுத்தவரிடமே நீட்டினார். பவுனு தாளை நிதானமாக முகர்ந்தது. பிறகு வாயில் வாங்கி மென்று விழுங்கிவிட்டது.

"பார்த்தீங்களாடா, பதிலை எவனும் காப்பி அடிச்சிடக் கூடாதுன்னு..." அய்யாவு தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "படிக்கிற பிள்ளை. பரீட்சை முடியற வரைக்கும் யாரும் இது பக்கத்துல போய்ப் பால் கறக்காதீங்க."