தங்க முலாம் பூசிய டீசல் குழாய்

பக்கத்துச் சமஸ்தானத்து ராஜா தம் காரின் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டியதுதான் வினை. உள்ளே குழாய்க்குக் குழாய் குரோம் முலாம், முகம் பார்த்துத் திலகமே வைத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மருதங்கால் ராஜா வீரமல்லருக்குச் சோறு இறங்கவில்லை.

அவரிடமும் ஒரு கார் இருந்தது. அது ஓடாது. சமஸ்தானத்தில் ஓடுகிற எஞ்சின் ஒன்றே ஒன்றுதான், ஆற்றங்கரையில் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின். கதிர் விடுகிற நேரம். அது ஒரு வாரம் நின்றால் அத்தனை வயலும் சருகாகிவிடும். ராஜா அதைத்தான் அலங்கரிப்பதென்று முடிவு செய்தார். சபை கூடியது.

"டீசல் குழாய்களுக்கு என்ன முலாம் பூசலாம்?" என்றார் ராஜா.

தளபதி நிக்கல் என்றார். ஜோசியர் தாமிரம் என்றார். ஒருவர் கறுப்புப் பெயின்ட் போதும் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

பொக்கிஷ அதிகாரி நல்லசிவம் எழுந்தார். "மகாராஜாவின் எஞ்சினுக்குத் தங்கம்தான் தகும்."

எஞ்சின் ஓட்டுகிற இருளப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வெளியில எதை வேணும்னாலும் பூசுங்க மகாராஜா. மாட்டுற முனையில மட்டும் வேணாம். முனை தடிச்சுப்போச்சுன்னா சரியா உக்காராது. இடுக்குல காத்து பூந்து ஏர் புடிச்சுக்கும், எஞ்சின் கெளம்பாது" என்றான்.

"அரைகுறையாகப் பூசினால் அரண்மனைக்குத்தான் இழுக்கு" என்றார் நல்லசிவம். கிடங்கிலிருந்த மாற்றுக் குழாய்களுக்கு நுனி முதல் நுனி வரை பூசியாயிற்று.

நல்லசிவத்தின் அழகுணர்ச்சிக்குக் காரணம் உண்டு. அவர் மைத்துனர் இரண்டு வருஷமாக அந்த எஞ்சின் வேலைக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். மேலும், முன்னொரு சமயம் தங்க வெற்றிலைப் பெட்டி காணாமல் போன ஆத்திரத்தில் ராஜா குலதெய்வத்தின் முன் ஒரு சத்தியம் செய்திருந்தார். தாம் சந்தனம் வைத்த அரண்மனைத் தங்கத்தை வேறு எவர் தொட்டாலும், தொட்டவர் அன்றைக்கே எல்லை தாண்ட வேண்டும். பெட்டி பிறகு ராஜாவின் தலையணைக்கு அடியிலேயே கிடைத்தது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே.

குழாய்களை மாட்டினார்கள். ராஜா மேளதாளத்தோடு வந்து சந்தனம் வைத்தார். மறுநாள் காலை எஞ்சின் கிளம்பவில்லை.

இருளப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். எதிரே நல்லசிவம் இரண்டு சேவகர்களோடு நின்றார். "ஏனப்பா சும்மா நிற்கிறாய்? ஓட்டு" என்றார் அன்பாக. தொட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லை தாண்ட வேண்டும். தொடாவிட்டால் பயிர் கருகும், வேலை மைத்துனருக்கு. இருளப்பன் ஓட்டமாக ஓடி, சபை விகடகவி அம்பலவாணரின் காலில் விழுந்தான்.

அம்பலவாணர் ஒரு ஸ்பானரை வெள்ளித் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு அரண்மனைக்குப் போனார்.

"இது என்ன ஓய்?" என்றார் ராஜா.

"குழாயில் ஏர் பிடித்திருக்கிறது மகாராஜா. நட்டைத் தளர்த்தி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். சத்தியப்படி இந்த ராஜ்யத்தில் அதற்கு உரிமை உள்ள கை ஒன்றுதான் இருக்கிறது."

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து நட்டைத் திருகினார். இருளப்பன் பத்தடி தள்ளி நின்று வழி சொன்னான். "கொஞ்சம் லூசு பண்ணுங்க மகாராஜா. நுரை போகட்டும். மூஞ்சியத் தள்ளி வச்சுக்கங்க."

கடைசி விஷயத்தைச் சற்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம். எஞ்சின் கிளம்பியது. ராஜா முகத்தில் வழிந்த டீசலைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை" என்றார்.

மறுநாள் விடியலிலும் வெள்ளித் தட்டு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான்காம் நாள் ராணியார் டீசல் வாடை தாங்காமல், ராஜாவுக்கு இனி வெளிக்கூடத்திலேயே இலை போடலாம் என்று சொல்லியனுப்பினார். ஆறாம் நாள் ராஜா கட்டைவிரலில் கட்டோடு நட்டைத் திருகியபடி கேட்டார். "ஏண்டா இருளப்பா, பழைய குழாயும் தினம் இப்படித்தான் பண்ணுமா?"

"இல்லீங்க. வருசத்துக்கு ஒருக்கா ரெண்டுவாட்டிதான். முனையில பூச வேணாம்னு அன்னைக்கே சொன்னேனுங்க."

ராஜா திரும்பி நல்லசிவத்தைப் பார்த்தார்.

"ஆறு நாளாக ஒருவன் பத்தடி தள்ளியே நிற்கிறானே, அது ஏன், யாரால் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது" என்றார். "போதும். இந்தத் தங்கத்தைக் கழற்றிவிட்டுப் பழைய குழாயை மாட்டுங்கள்."

யாரும் அசையவில்லை. அம்பலவாணர் தொண்டையைச் செருமினார். "கழற்றவும் தொட வேண்டும் மகாராஜா."

"நான் இனித் தொடுவதாக இல்லை. வேறு யார் கழற்றுவது?"

"அது ஒன்றும் கஷ்டமில்லை. தொட்டவர் இன்றே எல்லை தாண்ட வேண்டும், அவ்வளவுதானே? யார் போனால் மகாராஜாவுக்குப் பரவாயில்லையோ, அவரைக் கழற்றச் சொல்லலாம்."

ராஜா எஞ்சின் ஓடும் சத்தத்தையே மிஞ்சும்படி சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணரின் கழுத்தில் போட்டார். அதிலும் டீசல் வாடைதான். பிறகு ஸ்பானரை அங்கவஸ்திரத்தில் நன்றாகத் துடைத்து, வெற்றிலை பாக்கோடு வெள்ளித் தட்டில் வைத்து, நல்லசிவத்திடம் நீட்டினார்.