உமி தின்ன தாயோட குட்டிங்க

ஒரே ஒரு ஊர்ல ஒச்சம்மா, ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். ராசாவோட பன்னிகளை வளக்கறவ. தாய்ப்பன்னியும் சினை, அவளும் முழுகாம இருந்தா. அந்த ஊர்ல ஒரு வழக்கம். திருவிழாவன்னிக்கு ராசா வீட்டுப் பன்னிக்குட்டி ஒண்ணாவது கோயில் மேட்டைத் தானா ஏறணும், எல்லாம் விழுந்துச்சுன்னா வளத்தவ ஊரை விட்டே போயிரணும். ஆமாடா, புள்ளத்தாச்சியா இருந்தாலுந்தான். எனக்கும்தான் வயிறு எரியுது, என்ன செய்ய?

அந்த வருசம் மழையே இல்ல. எள்ளுப் புண்ணாக்கும் கொள்ளும் ராசா களஞ்சியத்துல மட்டுந்தான் இருந்துச்சு. களஞ்சியக்காரன் தொப்பளான் இருக்கானே, திருட்டுப்பய, அதையெல்லாம் தன் வீட்டுச் சினைப்பன்னிக்குப் போட்டுட்டு ராசா பன்னிக்கு வெறும் உமியா அனுப்பினான். "சாமி, தாய்க்குப் புண்ணாக்கு குடுங்க"ன்னு ஒச்சம்மா கேட்டா, உமி வந்துச்சு. அழுது கேட்டா, உமி வந்துச்சு. கால்ல விழுந்து கேட்டா, "பொறக்காத குட்டிக்கு எதுக்குடி தீனி?"ன்னு சிரிச்சான்.

குட்டிங்க பொறந்ததும் பாரு, ஊரே பாக்க வண்டி வண்டியா தீனி அனுப்பினான். அதுகளும் தின்னுச்சு, தின்னுச்சு, தின்னுக்கிட்டே இருந்துச்சு, தொடையில சதையே பிடிக்கல. தாய் வயித்துலயே கட்டியிருக்க வேண்டிய சதையாச்சே அது!

அப்புறம் திருவிழா வந்துச்சு. ஒச்சம்மாவுக்கு நெறமாசம். மொதக் குட்டி கால் நடுங்கி அடிவாரத்துலயே விழுந்துச்சு. ரெண்டாவது பாதி மேட்டுல விழுந்துச்சு. கடைசியா மூணாவது ஏறுது, ஏறுது, ஒச்சம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடாம நிக்கிறா, உச்சிக்குப் பக்கத்துல அதுவும் பொத்துன்னு விழுந்துச்சு.

"நான் அனுப்பின தீனியெல்லாம் இவளே முழுங்கிட்டா ராசா, தொரத்துங்க!"ன்னு கத்தினான் தொப்பளான். கத்திக்கிட்டே தன் வீட்டுக் குட்டியை அவுத்து விட்டான். அது ஒரே ஓட்டமா மேல போயி நின்னுச்சு.

காவக்காரன் ஒச்சம்மா கையைப் பிடிச்சுட்டான். அப்ப அவ கேட்டா, "போறேன் சாமி. உங்க குட்டிக்கு என்ன போட்டீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

அவனுக்குப் பெருமை தாங்கல. "குட்டிக்குப் போட்டு என்னடி ஆகும்? தாய் சினையா இருந்தப்பவே எள்ளுப் புண்ணாக்கும் கொள்ளும் போட்டேன்!"

ராசா எந்திரிச்சார். "என் களஞ்சியத்தைத் தவிர அது வேற எங்கடா இருந்துச்சு?"

தொப்பளான் தொப்புன்னு ராசா கால்ல விழுந்தான்.

அப்புறமென்ன, அவனுக்குத் தெனம் உமிக்கஞ்சிதான். அதைக் குடிச்சிட்டு அந்த நோஞ்சான் குட்டிங்களைத் தோள்ல சுமந்து மேடு ஏறணும். ஏறுவான், விழுவான், ஏறுவான், விழுவான். ஒச்சம்மாவை ராசா ஊர்லயே இருக்கச் சொல்லிட்டார், அவளுக்கு அரண்மனையிலருந்து பாலும் பருப்பும் வந்துச்சு. வயித்துல இருக்கறதுக்கும் பசிக்கும், கண்ணுங்களா. அம்புட்டுதான் கதை, ஊங்கொட்டினதெல்லாம் கண்ணை மூடுங்க.