சாரத்தடியில் ஒரு ஜோடி செருப்பு

முந்தாநாள், வலை கட்டாத ஆறாம் மாடிச் சாரத்திலிருந்து கொத்தனார் தணிகாசலம் விழுந்து செத்துப்போனார். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று காண்ட்ராக்டர் பிணத்தை வேனில் ஏற்றி மறைத்துவிட்டான். "கேட்டா ஊருக்குப் போயிட்டான்னு சொல்லு. உளறினே, நாளைக்கு அதே சாரத்துல நீதான்" என்று சித்தாள் பச்சையம்மாளை மிரட்டியும் வைத்தான்.

தொழிலாளர் நல ஆய்வாளர் வந்தார். பெயர்ப் பட்டியலில் விரலை வைத்து, "தணிகாசலம் எங்கம்மா?" என்றார்.

காண்ட்ராக்டர் முறைத்தான். பச்சையம்மாள் தலையிலிருந்த சாந்துச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"ஊருக்குப் போயிட்டாருங்கய்யா. என்ன அவசரமோ, சாரம் ஏறுறப்ப கீழே கழட்டி வச்ச செருப்பைக்கூட மாட்டிக்கலை."

அவன் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னாள்; செருப்பு மட்டும்தான் அதிகப்படி.

சாரத்தடியில் சாந்து தெறித்த ரப்பர் செருப்பு கிடந்தது. ஆய்வாளர் அதைப் பார்த்தார். மெல்ல நிமிர்ந்து ஆறாம் மாடியைப் பார்த்தார். பிறகு காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார்.

"எந்த ஊரு?"