கருப்பட்டி மிட்டாய்க்குச் சிவப்பு விளக்கு

மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் குற்றாலிங்கம் கேட்டார்.

"சாமி, கூடப் பிறந்தவளைக் காப்பாத்தணும்னு நினைக்கது தப்பா?"

சாமி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குற்றாலிங்கத்தைவிட வயதில் இளையவர். வாய்க்குத்தான் வயது அதிகம்.

"யாருவே தப்புன்னா?"

"யாரும் சொல்லலை. அக்கா என் வீட்டுப் படி ஏறவே மாட்டேங்கா."

விஷயம் இதுதான். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு விற்கக் கூடாதென்று அரசாங்கம் உத்தரவு போட்டது. வாங்க வருகிறவர் தன் மருத்துவ அட்டையை மிஷினில் காட்டவேண்டும். நோய் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். மற்ற கடைக்காரர்கள் முனகிக்கொண்டிருக்க, குற்றாலிங்கம் தன் மிட்டாய்க் கடையில் முதல் ஆளாக மிஷின் வைத்தார். அரசாங்கமே உத்தரவில் சேர்க்காமல் விட்ட கருப்பட்டி மிட்டாயையும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

அக்கா உலகம்மாள் நூறு கிராம் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். விளக்கு எரிந்தது. வரிசையே பார்த்திருக்க, குற்றாலிங்கம் அவள் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கி வைத்தார். அவள் போய்விட்டாள்.

"அம்மா செத்தபிறகு என்னை வளத்தவ சாமி. அவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

சாமி வாளியைக் கவிழ்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாரும்."

பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார்.

"இங்க எதுக்கு சாமி?"

"பேசாம நில்லும்."

கேரளா பஸ் வந்து நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் இந்த உத்தரவெல்லாம் கிடையாது. கனத்த பையோடு முட்டியைப் பிடித்துக்கொண்டு உலகம்மாள் இறங்கினாள். தம்பியைப் பார்த்தாள்.

"என்னலே, இங்கயும் மிஷின் வச்சிருக்கியா?"

சாமி பையை எட்டிப் பார்த்தார். "மிட்டாயா? எவ்வளவு?"

"ஒரு கிலோ சாமி. நூறு கிராமுக்கா பஸ் ஏற முடியும்?"

"முந்தியெல்லாம்?"

"வாங்குனதை இவன் வீட்டுக்குத்தான் கொண்டுபோவேன். முக்காவாசியை இவனே தின்னுருவான். இப்ப எங்க போக? நானே தின்னு தீக்கேன்."

பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள்.

குற்றாலிங்கம் சாமி பக்கம் திரும்பினார். "நான் இப்ப என்ன செய்ய சாமி?"

"ஓடிப்போயி பையை வாங்கும். கூட நடவும். திங்காதேன்னு சொல்லணும்னா சொல்லும்."

"கேக்க மாட்டாளே!"

"நான் சொன்ன எதையாவது நீரு கேட்டிருக்கீரா?"

குற்றாலிங்கம் யோசித்துப் பார்த்தார்.

"இல்லை சாமி."

"அதுக்காக மடத்துக் கதவைச் சாத்துனேனா? நீரு வராமப் போனா நான் யாருகிட்டவே சொல்ல?"