ஓலை நறுக்குக்கு வந்த சோதனை

தும்பைநாட்டு அரசர் விசயகண்டர் போர்க்களத்தில் புலி. சாப்பாட்டு இலையின் முன்னால் பூனை. நெய் வடியும் அதிரசத்தைக் கண்டால் வாளைக் கீழே போட்டுவிடுவார். கடைசியில் நீரிழிவு வந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

அவரை இத்தனை காலம் தாங்கி வந்தவர் அரண்மனை வைத்தியர் கருணாகரர். மூலிகைச் சாற்றில் ஊறவைத்துக் காயவைத்த ஓலை நறுக்குகளை அவர் தயாரித்து வைத்திருந்தார். அரசரின் விரலில் ஊசியால் ஒரு குத்து. நறுக்கின் மேல் ஒரு சொட்டு ரத்தம். இளமஞ்சளாக நின்றால் நலம். கறுத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று பொருள். நிறத்தைப் பார்த்துத்தான் அன்றைய மருந்தின் அளவு.

மூலிகை எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி இராது. ஆகவே ஒரு தடவைக்கு என்று சேர்த்துத் தயாரித்த புது ஈடு காய்ந்ததும் கருணாகரர் அதிலிருந்து ஆறு நறுக்குகளை எடுப்பார். ஒரே ஆளின் ரத்தத்தைப் பழைய நறுக்கிலும் விடுவார், புது நறுக்கிலும் விடுவார். இரண்டும் ஒரே நிறம் காட்டினால்தான் புது ஈடு அரசரிடம் போகும்.

இந்த ஏற்பாட்டில் கல்லெறிந்தவர் மந்திரி மகிபாலர். அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலைப்பாகை பெரிது, அதற்குக் கீழே இருந்தது சிறிது. தன் மருமகனை அரண்மனை வைத்தியராக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மருமகனுக்கு வைத்தியம் தெரியாதே என்றால், அதை ஒரு குறையாகவே அவர் நினைக்கவில்லை. நிர்வாகம் தெரியாமலே மந்திரி ஆனவர் அல்லவா?

புது ஈடு வந்த அன்று சபையில் எழுந்தார்.

"அரசே! பெட்டி நிறைய நறுக்குகள். வைத்தியர் சோதித்தது ஆறே ஆறு. மிச்சமெல்லாம் சோதிக்காமலே தங்கள் திருவிரலைத் தொடப்போகின்றன. அவற்றில் ஒன்று பொய் சொன்னால்? நினைக்கவே என் நெஞ்சு பதறுகிறது. தங்களுக்காக உடல், பொருள், ஆவி மூன்றையும் கொடுக்கக் காத்திருப்பவன் நான்!"

அரசர் முகம் வெளுத்தது.

"வைத்தியரே, எல்லா நறுக்கையும் சோதித்தாக வேண்டும். சோதிக்காத நறுக்கு ஒன்று என் விரலைத் தொட்டாலும் உமது தலை உருளும்!"

"அரசே, ஒருமுறை ரத்தம் பட்ட நறுக்கு..." என்று கருணாகரர் ஆரம்பித்தார்.

"பார்த்தீர்களா? சாக்குச் சொல்கிறார்!" என்று மந்திரி அவர் வாயை அடைத்துவிட்டார்.

அவைப்புலவன் கூத்தபிரான் தன் இடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கருணாகரர் மேல் வீண்பழி விழுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. வாதாடலாமா என்று யோசித்தான். பயந்துபோன அரசருக்குக் காது கேட்காது. மந்திரிக்கோ காது கேட்டாலும் மூளைக்கு எட்டாது. வாதம் வேண்டாம் என்று முடிவு செய்து எழுந்தான்.

"அருமையான கட்டளை, அரசே! நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் விடுங்கள்."

கருணாகரர் அவனை அதிர்ந்துபோய்ப் பார்த்தார். மந்திரிக்கு வாயெல்லாம் பல்.

"ஒரே ஒரு சங்கதி" என்றான் கூத்தபிரான். "எல்லா நறுக்கையும் ஒப்பிட வேண்டுமானால் ரத்தம் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். ஆள் மாறினால் நிறமும் மாறிவிடும். சரிதானே, வைத்தியரே?"

"சரிதான்."

"மந்திரியார் உடல், பொருள், ஆவி மூன்றையும் கொடுக்கக் காத்திருக்கிறார். அவ்வளவெல்லாம் வேண்டாம். கொஞ்சம் ரத்தம் போதும்!"

"சபாஷ்!" என்றார் அரசர். "மகிபாலரே, உடனே கிளம்பும்!"

மருந்துச் சாலையில் முதல் குத்துக்கு மந்திரி புன்னகை செய்தார். அடுத்ததற்குப் பல்லைக் கடித்தார். இடது கை முடிந்து வலது கைக்கு வந்தபோது தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"இன்னும் எவ்வளவு ஐயா இருக்கிறது?"

"பெட்டியின் மேல்தட்டு முடிந்தது, மந்திரியாரே. கீழ்த்தட்டு அப்படியே இருக்கிறது" என்றான் கூத்தபிரான்.

"ஒரு சொட்டையே நாலு நறுக்கில் தடவிவிட்டால் என்ன?"

"அரசர் உயிர் விஷயத்தில் அரைகுறைச் சோதனையா? நினைக்கவே என் நெஞ்சு பதறுகிறது. ம்... விரலை நீட்டுங்கள்."

மறுநாள் மந்திரி சபைக்கு வந்தபோது பத்து விரலிலும் துணிக்கட்டு. தட்டில் கொழுக்கட்டை ஏந்தி வருகிறவரைப் போலக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டே வந்தார்.

"எந்த நறுக்காவது பொய் சொன்னதா?" என்று கேட்டார் அரசர்.

"ஒன்றுகூட இல்லை. வைத்தியரின் ஈடு பத்தரைமாற்றுத் தங்கம்" என்றான் கூத்தபிரான்.

"நல்லது. ராத்திரி விருந்தில் அதிரசம் கொஞ்சம் கூடிவிட்டது. தலை சுற்றுகிறது. சீக்கிரம் ஒரு நறுக்கை எடு."

கூத்தபிரான் பெட்டியைத் திறந்து காட்டினான். நறுக்குக்கு நறுக்கு உலர்ந்த கறை.

"எதை எடுக்கட்டும், அரசே? எல்லாவற்றிலும் மந்திரியார் இருக்கிறார்."

"என்ன உளறுகிறாய்?"

"ரத்தம் பட்ட நறுக்கு மறுபடி நிறம் மாறாது. வைத்தியர் நேற்றே சொல்ல வந்தார். கேட்கத்தான் யாருமில்லை."

"சோதிக்காத நறுக்கு ஒன்றாவது இருக்குமே?"

"அது தங்கள் விரலைத் தொட்டால் வைத்தியர் தலை உருளும் என்றீர்களே! அதனால் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. பழைய ஈட்டில் மிச்சமிருந்ததும் ஒப்பிடுவதிலேயே தீர்ந்துவிட்டது."

அரசர் தலையைப் பிடித்துக்கொண்டு அரியணையில் சாய்ந்தார். கருணாகரர் அருகே வந்து அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பயப்படாதீர்கள். அடுத்த ஈடு காய்கிறவரை நாடி பார்த்தே மருந்து தருகிறேன். இனிப்பை மட்டும் தொடக்கூடாது."

"மன்னியும், வைத்தியரே" என்றார் அரசர். குரல் இறங்கியிருந்தது. பிறகு மந்திரியின் பக்கம் மெல்லத் திரும்பினார். "மகிபாலரே, அடுத்த ஈட்டில் எத்தனை நறுக்கைச் சோதிக்கலாம்? நீரே சொல்லும்."

மந்திரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஆறு போதும், அரசே! ஆறே கொஞ்சம் அதிகம்தான்!"

"அவசரப்படாதீர்கள், மந்திரியாரே" என்றான் கூத்தபிரான். "கால்விரல் பத்தும் புத்தம் புதுசாக இருக்கின்றனவே!"

மந்திரி அங்கவஸ்திரத்தை இழுத்துப் பாதங்களை மூடிக்கொண்டார். அரசர் சிரித்த சிரிப்பில் தலைசுற்றலே மறந்துபோயிற்று. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானின் கையில் போட்டார்.